கூடுதல் உயர்கணிதம் எடுக்கலாமா: பல்கலைக்கழகத்துக்கு முன் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில், வழக்கமான கணிதப் பாடத்துக்கு மேல் இன்னொரு படி கணிதத்தையும் படிக்கும் வாய்ப்பு பல நாடுகளின் கல்வி முறைகளில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏ லெவல் என்னும் பள்ளி இறுதிப் படிப்பில் அதற்கு ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் என்று பெயர். இலங்கையின் உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு அப்பால் உயர் கணிதம் என்றொரு பாடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் எக்ஸ்டென்ஷன் 2, அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி அளவிலான ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி கால்குலஸ் பிசி, பல நாடுகளில் நடக்கும் ஐபி என்ற பன்னாட்டுத் திட்டத்தில் கணிதத்தின் உயர்நிலை என்று பெயரும் அளவும் மாறினாலும், பதினாறு வயதை ஒட்டிய ஒரு மாணவர் முன் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எடுப்பதா, விடுவதா?

எடுத்தால் நல்லது என்று சொல்பவர்களுக்கும், எதற்கு வீண் சுமை என்று சொல்பவர்களுக்கும் குறைவே இல்லை. இரு தரப்பினரும் பெரும்பாலும் பாடத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, எதிரே இருக்கும் மாணவரைப் பார்த்துப் பேசுவதில்லை. இந்த முடிவை இரண்டே செய்திகள் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, நீங்கள் சேர விரும்பும் படிப்பு முதல் ஆண்டிலேயே எந்த வகைக் கணிதத்தை உங்களிடம் எதிர்பார்க்கிறது என்பது. மற்றொன்று, வழக்கமான கணிதத்தில் உங்கள் கை எவ்வளவு உறுதியாக ஓடுகிறது என்பது. மற்றவையெல்லாம் இவ்விரண்டுக்கும் பிறகு வருபவை.

பாடத்துக்குள் என்ன இருக்கிறது

கூடுதல் கணிதம் என்றதும், வழக்கமான கணக்குகளே இன்னும் கடினமாக வரும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பல இடங்களில் பாடப்பொருளே வேறு. இங்கிலாந்தில் 2017 முதல் கற்பிக்கப்பட்டு வரும் ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி எல்லாருக்கும் பொதுவானது: கலப்பெண்கள், அணிகள், தொகுத்தறிதல் முறையில் நிறுவுதல், துருவ ஆயங்கள், அதிபரவளையச் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை அதில் அடங்கும். மீதிப் பாதி இயக்கவியல், புள்ளியியல், தீர்மானக் கணிதம், மேலும் தூய கணிதம் என்று பிரிந்து கிடக்கிறது. அவற்றில் எவற்றைக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே ஒரே பெயருள்ள பாடத்தைப் படித்த இருவரில் ஒருவர் மோதல்களையும் வட்ட இயக்கத்தையும் படித்திருப்பார். மற்றவர் ஒரு வலையமைப்பில் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையைப் படித்திருப்பார். இயந்திரப் பொறியியலுக்குப் போகிறவருக்கு முதலாவதும் கணினி அறிவியலுக்குப் போகிறவருக்கு இரண்டாவதும் நேரடியாகக் கைகொடுக்கும். உங்கள் பள்ளி எந்தப் பகுதிகளை நடத்துகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடாதீர்கள்.

ஏபி கால்குலஸ் பிசி இதிலிருந்து மாறுபட்டது. அது, அதைவிடச் சிறிய பாடமான ஏபி கால்குலஸ் ஏபியின் (AP Calculus AB) பாடப்பொருள் முழுவதையும் உள்ளடக்கி, அதற்கு மேல் முடிவிலாத் தொடர்கள், துணையலகுச் சமன்பாடுகள், துருவ ஆயங்கள் போன்றவற்றைச் சேர்க்கிறது. அணிகளுக்கும் கலப்பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஐபியில் 2019 முதல் கணிதம் இரண்டு பாடங்களாகப் பிரிந்துள்ளது. ஒன்று பகுப்பாய்வுக்கும் மற்றொன்று பயன்பாட்டுக்கும் முதன்மை தருகிறது. இரண்டுமே பொதுநிலை, உயர்நிலை என்ற இரு நிலைகளில் கிடைக்கின்றன. பொதுநிலைக்கு 150 மணி நேரமும் உயர்நிலைக்கு 240 மணி நேரமும் கற்பித்தலுக்கு ஒதுக்கப்படுகின்றன. அங்கே கூடுதல் கணிதம் தனிப் பாடமாக வந்து சேர்வதில்லை. உயர்நிலையில் நீங்கள் படிக்கக்கூடிய இன்னொரு பாடத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஐபி மாணவர், எதற்குப் பதிலாக இதை எடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் கேட்பது என்ன

சேர விரும்பும் துறையின் சேர்க்கை விதிகளை, நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கு உரியவையாகப் பார்த்துப் படியுங்கள். அண்ணனோ அக்காவோ சேர்ந்தபோது இருந்த விதி இப்போதும் இருக்கும் என்று நம்பக் கூடாது. படிக்கும்போது, கூடுதல் கணிதம் கட்டாயம் என்கிறார்களா, இருந்தால் நல்லது என்கிறார்களா, அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஏ லெவல் மாணவர்களிடம் ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது. அங்கே சேர்க்கைக்கான நிபந்தனையாக இருக்கும் ஸ்டெப் தேர்வின் மூன்றாம் தாள், அந்தப் பாடத்தின் பொதுப் பகுதி முழுவதையும் மாணவர் படித்திருக்கிறார் என்ற அடிப்படையிலேயே அமைந்திருக்கிறது. இத்தகைய இடத்தைக் குறிவைப்பவர் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிப்பதற்குப் பதிலாகப் பாடத்தையே படிக்கத் தொடங்கலாம்.

இருந்தால் நல்லது என்ற சொற்றொடர்தான் மாணவர்களை அலைக்கழிப்பது. அதற்கு இரண்டு வகையில் பொருள் கொள்ள இடமுண்டு. உங்கள் பள்ளி அந்தப் பாடத்தை நடத்துகிறது, நீங்கள் எடுக்கவில்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி விண்ணப்பத்தைப் பார்ப்பவர் மனத்தில் எழலாம். பள்ளியில் அந்தப் பாடமே இல்லையென்றால் பெரும்பாலான துறைகள் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அந்தச் செய்தியை உங்கள் ஆசிரியர் தம் பரிந்துரைக் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. ஐயமிருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். ‘நான் இன்னின்ன பாடங்களைப் படிக்கிறேன், கூடுதல் கணிதம் இல்லை, என் விண்ணப்பம் பின்தங்குமா’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேரான பதிலே வரும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று ஏ லெவல் பாடங்களின் அடிப்படையிலேயே இடம் தருகின்றன. கணிதம், ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் இரண்டையும் மூன்றுக்குள் சேர்த்துக் கணக்கிட மறுக்கும் படிப்புகள் சில உண்டு; மருத்துவத்தில் இதைக் காணலாம். மூன்றே பாடங்கள் எடுத்து, அவற்றில் இரண்டு கணிதமாக இருக்கும் மாணவர் இப்படிப்பட்ட விதியில் மாட்டிக்கொண்டால், விண்ணப்பிக்கும் நேரத்தில் அதைச் சரிசெய்ய வழியே இராது.

முதல் ஆண்டில் அது எங்கே வேலை செய்யும்

விதி ஒருபுறம் இருக்க, உள்ளே போன பிறகு எது உதவும் என்பது வேறு கேள்வி. கணிதம், இயற்பியல், பொறியியல் ஆகிய மூன்றிலும் முதல் பருவத்திலேயே கலப்பெண்களும் அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றை விரிவுரையாளர்கள் முதலிலிருந்தே தொடங்கிக் கற்பிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் பல மாதங்கள் எடுத்த பகுதியை அங்கே சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். இயற்பியல் மாணவருக்கு இது இரட்டைச் சுமை. அலைவுகளைப் பற்றிய விரிவுரையில் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வரும்போது, அதைத் தீர்க்கும் முறை கணித விரிவுரையில் இன்னும் வந்திராது. கூடுதல் கணிதம் படித்தவர் அந்த இடத்தில் இயற்பியலைக் கவனிப்பார். படிக்காதவர் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

கணினி அறிவியலுக்குத் தேவைப்படும் கணிதத்தின் முகம் வேறு. தருக்கம், கணங்கள், எண்ணும் முறைகள், நிறுவல் ஆகியவையே அங்கே முதலில் வருபவை. நுண்கணிதம் பின்னால்தான் வரும், சில பாடத்திட்டங்களில் மிகக் குறைவாகவே வரும். தொகுத்தறிதல் முறையில் நிறுவப் பழகியவருக்கு, தன்னைத் தானே அழைக்கும் நிரல் சரியாக முடியும் என்று காட்டுவது புதிதாகத் தெரியாது. இயந்திரக் கற்றலில் ஆர்வமுள்ளவர் அணிகளையும் நிகழ்தகவையும் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது.

பொருளியலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கணித நாட்டமுள்ள துறைகளில், பல மாறிகளைக் கொண்ட சார்புகளை நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீப்பெருமமாக்கும் கணக்குகள் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுகின்றன. பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளியல் அளவையியலில் அணிகள் இல்லாமல் நகர முடியாது. முதுநிலைக்கும் ஆய்வுக்கும் போக நினைப்பவருக்குக் கூடுதல் கணிதம் வீண்போகாது. வேதியியலுக்கு ஓரளவு பயன்படும். உயிரியல், மருத்துவம், உளவியல் ஆகியவற்றுக்குப் புள்ளியியல் போதும். அதற்காகக் கூடுதல் கணிதம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கும் மொழிகளுக்கும் போகிறவர் பிடித்திருந்தால் எடுக்கலாம். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டுமே காரணமாக ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும்.

கையைச் சோதித்தல்

கூடுதல் கணிதத்தில் தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் புதிய கருத்துகள் புரியாமல் தடுமாறுவதில்லை என்பது என் கணிப்பு. கலப்பெண் என்றால் என்னவென்று ஒரு வகுப்பில் புரிந்துவிடும். புரிந்த பிறகு பத்து வரி கொண்ட சுருக்குதலில் ஆறாவது வரியில் ஒரு குறைக்குறி தவறிப்போகும். எங்கே தவறியது என்று தேடுவதிலேயே மாலைப்பொழுது கழியும். புதிய கருத்துகள் எல்லாமே பழைய இயற்கணிதத்தின் மேல்தான் ஏறி நிற்கின்றன. ஆகவே சோதிக்க வேண்டியது அந்தப் பழைய கணிதத்தைத்தான்.

கணிப்பானை ஒதுக்கி வைத்துவிட்டு, முடித்த பாடத்திலிருந்து சில கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதியில் இருபடிக் கோவை உள்ள பின்னத்தைப் பகுதிப் பின்னங்களாகப் பிரியுங்கள். மடக்கையும் அடுக்கும் கலந்த சமன்பாடு ஒன்றைத் தீருங்கள். ஒரு முக்கோணவியல் முற்றொருமையை இடப்பக்கத்திலிருந்து மட்டும் தொடங்கி வலப்பக்கத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். நுண்கணிதம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், சங்கிலி விதியும் பெருக்கல் விதியும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும் வகையீடு ஒன்றைச் செய்து பாருங்கள். விடை சரியா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த வரியை எழுதுவதற்கு எத்தனை முறை நின்று யோசிக்க வேண்டியிருந்தது, குறிப்பேட்டை எத்தனை முறை புரட்ட வேண்டியிருந்தது, செய்து முடித்த வரியில் நம்பிக்கை இருந்ததா என்பவற்றைப் பாருங்கள். கை தானாக ஓடி, மனம் அடுத்த படியைப் பற்றி யோசிக்கும் நிலை இருந்தால் நீங்கள் தயார். ஒவ்வொரு வரியும் ஒரு முடிவாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை. அந்த நிலையில் சேர்வதைவிட விடுமுறையில் இயற்கணிதத்தைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு பிறகு சேர்வது மேல்.

வழக்கமான கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்குபவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து மதிப்பெண் வாங்குவது சாத்தியம். அப்படி வாங்கியவருக்குத் தெரிந்தது வினாக்களின் வடிவமே ஒழியக் கணிதம் அன்று. வினா சற்றே உருமாறி வந்தால் அது தெரிந்துவிடும்.

பிடிக்குமா என்று அறிய ஒரு மணி நேரம்

திறமை போதுமா என்பதை மேலே பார்த்தோம். விருப்பம் இருக்கிறதா என்பதை அறிய, கூடுதல் கணிதத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் படித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இதோ ஒன்று.

ஓர் எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4-ஐக் கூட்டியதற்குச் சமம் என்றால், அந்த எண் எது? சற்று முயன்றால் விடை 4 என்று தெரிந்துவிடும்: 4-இன் கனம் 64, 15 மடங்கு 60, அதோடு 4 சேர்ந்தால் 64. ஆனால் இத்தகைய முப்படிச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக இத்தாலியரான கார்டானோ 1545-இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதையே இட்டால், 2 + √−121 என்பதன் கனமூலத்தையும் 2 − √−121 என்பதன் கனமூலத்தையும் கூட்டச் சொல்கிறது. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் ஏது? 4 என்ற எளிய விடை இருக்கும் கேள்விக்குச் சூத்திரம் ஏன் இல்லாத எண்களின் வழியாகப் போகிறது? பொம்பெல்லி என்ற இன்னோர் இத்தாலியர், அந்த எண்கள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வழக்கமான விதிகளின்படி கணக்கிட்டுப் பார்த்து, முடிவை 1572-இல் வெளியிட்டார். 2 + √−1 என்பதைத் தன்னோடு தானே பெருக்கினால் 3 + 4√−1 வருகிறது. அதை மீண்டும் 2 + √−1 ஆல் பெருக்கினால் 2 + 11√−1 வருகிறது. 11-இன் வர்க்கம் 121 ஆகையால், அது 2 + √−121 என்பதேதான். ஆகவே தேடிய கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1 என்ற இரண்டும். கூட்டினால் இல்லாத எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்து 4 நிற்கிறது.

இதை ஒரு தாளில் நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் மனத்தில் என்ன எழுகிறது என்று கவனியுங்கள். ‘இது எப்போதும் இப்படி வேலை செய்யுமா, அந்த 2 + √−1 என்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள், மற்ற இரண்டு விடைகள் எங்கே’ என்ற கேள்விகளில் ஒன்றாவது தானாக எழுந்தால், கூடுதல் கணிதம் உங்களுக்குச் சுமையாக இராது. ‘சரி, விடை 4, அடுத்து என்ன’ என்று மட்டும் தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் இதே வகைப் பொருளோடு வாழ வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிறுவலைப் பற்றியும் இப்படி ஒரு சோதனை செய்யலாம். ஒரு முழு எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-இல் தொடங்கினால் 41, 43, 47, 53, 61 என்று பகா எண்களாகவே வந்துகொண்டிருக்கும். 39 வரை ஒன்றுகூடத் தவறாது. 40-ஐ இட்டால் 1681 வரும்; அது 41-ஐ 41 ஆல் பெருக்கிய எண். நாற்பது முறை சரியாக வந்த பிறகும் விதி உடைவதைப் பார்த்து, அப்படியானால் எதை வைத்துத்தான் நம்புவது என்று ஒருவருக்கு உறுத்தினால், நிறுவல் எதற்கு என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்

வகுப்பில் செலவாகும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டுப்பாடத்துக்கும் பயிற்சிக்கும் ஏறத்தாழ அதே அளவு நேரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தின் கால அட்டவணையை உண்மையாக எழுதிப் பாருங்கள். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அது வீணாகக் கழியும் பொழுதிலிருந்து வருமானால் மகிழ்ச்சி. பெரும்பாலும் அது தூக்கத்திலிருந்தோ, கட்டுரை எழுதும் பாடத்திலிருந்தோ, விளையாட்டிலிருந்தோதான் வருகிறது. கட்டுரைப் பாடத்தை விட்டுவிடுவது பலருக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் ஆய்வறிக்கை எழுத வேண்டிய பொறியாளருக்கும் வாதத்தை அடுக்கிச் சொல்ல வேண்டிய பொருளியலாளருக்கும் அந்தப் பயிற்சி பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடம் கிடைப்பதற்குத் தேவையான மற்றப் பாடங்களின் மதிப்பெண் இதனால் ஒரு படி இறங்குமா? இயற்பியலுக்குப் போகிறவருக்கு வேதியியலில் ஏற்கெனவே தள்ளாட்டம் இருந்தால், அதன் மேல் கூடுதல் கணிதத்தையும் ஏற்றுவது நிபந்தனை மதிப்பெண்ணையே இழக்கும் வழி. அதேவேளை, வழக்கமான கணிதத்தைப் பொறுத்தவரை நான் எதிர்மாறான முடிவுக்கே சாய்வேன்: கூடுதல் கணிதம் படிப்பவர் கையில் எந்நேரமும் கணக்கு இருப்பதால், வழக்கமான பாடத்தின் மதிப்பெண் ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

பெற்றோரின் விருப்பம், நண்பர்கள் எல்லாரும் சேர்கிறார்கள் என்பது, விண்ணப்பத்தில் பளிச்சென்று தெரியும் என்பது ஆகியவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை இருந்துவிட்டுப் போகட்டும். மேலே சொன்ன இரண்டு செய்திகளும் சாதகமாக இருந்தால் அவை தடையல்ல, பாதகமாக இருந்தால் அவை காரணமும் அல்ல. பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோர் ஒன்றைச் செய்யலாம்: பொம்பெல்லியின் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இடைப்பட்ட வழிகள்

முழுதாக எடுப்பது, அறவே விடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் இடமுண்டு. இங்கிலாந்தில் ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸை, முழு ஏ லெவலைவிடச் சிறியதான ஏஎஸ் அளவில் மட்டும் முடித்துக்கொள்ளலாம். கலப்பெண், அணி, தொகுத்தறிதல் ஆகியவற்றின் தொடக்கம் அதிலேயே வந்துவிடும். பொறியியலுக்கோ பொருளியலுக்கோ போகிறவர்களில் பலருக்கு இதுவே போதுமானது. போதிய அளவு பேசப்படாத நல்ல வழி இது என்று நினைக்கிறேன். பள்ளியில் பாடமே இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக அட்வான்ஸ்டு மேத்தமேட்டிக்ஸ் சப்போர்ட் புரோகிராம் என்ற அமைப்பு இயங்கி வருகிறது. எந்த நாட்டிலிருந்தும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் திறந்தநிலைப் பாடங்களில் நுண்கணிதத்தையும் நேரியல் இயற்கணிதத்தையும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

தானாகப் படிப்பதில் ஒரு குறை உண்டு. கணக்கின் விடையைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். ஆனால் நிறுவல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத் தானே திருத்திக்கொள்வது கடினம். எழுதியவருக்குத் தன் எழுத்தில் உள்ள ஓட்டை தெரியாது. வாரத்துக்கு ஒரு நிறுவலையாவது படித்துத் திருத்தித் தர ஓர் ஆசிரியரையோ மூத்த மாணவரையோ கேட்டு ஏற்பாடு செய்துகொண்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விலகும் தேதியை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகும் இழுபறியாகவே இருந்தால், சேர்ந்து பார்ப்பதே நல்லது. பாதியில் சேர்வதைவிடப் பாதியில் விலகுவது எப்போதும் எளிது. ஆனால் சேருவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டு விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதி வரை தண்டனையின்றி விலகலாம், விலகினால் அந்த இடத்தில் வேறு பாடத்தை எடுக்க முடியுமா, இல்லை வெறுமையாக விட வேண்டியதுதானா? மூன்று பாடங்கள் மட்டுமே எடுத்தவருக்கு இரண்டாவது கேள்வியின் விடை மிக முக்கியமானது. நான்காவதாக எடுத்தவருக்கு அவ்வளவு கவலையில்லை.

ஐந்தாறு வாரங்கள் கழித்து நிலைமையை எடைபோடும்போது முதல் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடக்கத்தில் மதிப்பெண் சரிவது இந்தப் பாடத்தில் இயல்பானது. அதுவரை எல்லாவற்றிலும் முதலாக வந்தவருக்கு அது அதிர்ச்சியாகவும் இருக்கும். சென்ற வாரம் வகுப்பில் செய்த கணக்கு ஒன்றை வெற்றுத் தாளில் உதவியின்றித் திரும்பச் செய்து பாருங்கள். முழுதாக வராவிட்டாலும் எங்கே தடைபட்டது என்று சுட்டிக்காட்ட முடிந்தால் நீங்கள் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், தொடரலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல், ஒவ்வொரு வாரமும் அப்படியே இருந்தால், ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் அது. அப்போதும் மாற்றம் இல்லையென்றால் குறித்து வைத்த தேதிக்கு முன் விலகிவிடுங்கள்.

எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும்

கூடுதல் கணிதம் படிக்காமல் கணிதம் மிகுந்த படிப்பில் சேர்ந்தவர், சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் கலப்பெண்களின் கூட்டல் பெருக்கல், இரண்டுக்கு இரண்டு அணிகளின் பெருக்கலும் நேர்மாறும், தொகுத்தறிதல் முறையில் எழுதிய சில நிறுவல்கள் ஆகிய மூன்றை மட்டும் பழகிக்கொண்டு போனால் போதும். எல்லாவற்றையும் படிக்க முயன்று எதையும் முடிக்காமல் போவதைவிட இது பயன் தரும். பல துறைகள் புதிய மாணவர்களுக்கென்று ஆயத்தப் பயிற்சித் தாள்களை முன்கூட்டியே வெளியிடுகின்றன. கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

படித்துவிட்டுச் சேர்ந்தவருக்கு வரும் ஆபத்து வேறு வகையானது. முதல் சில வாரங்களில் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கும்; விரிவுரைக்குப் போவது குறையும்; பயிற்சித் தாள்களைச் செய்வது தள்ளிப்போகும். புதிய பகுதி எந்த நாளில் தொடங்கியது என்பதே தெரியாமல் பின்தங்கிவிடுவார்கள். தெரிந்த பகுதி நடக்கும்போதும் பயிற்சித் தாளை முழுதாக எழுதி ஒப்படைத்துவிடுங்கள். அதே கருத்தைப் பல்கலைக்கழகம் எவ்வளவு கண்டிப்பான நிறுவலோடு எதிர்பார்க்கிறது என்பது திருத்தி வரும் தாளில் தெரியவரும்.

ஏபி தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டி முதல் நுண்கணிதப் பாடத்தைத் தாண்டிச் செல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அனுமதிக்கின்றன. அந்தச் சலுகையை ஏற்பதற்கு முன், தாண்டப்போகும் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் துறையிடம் கேட்டு வாங்கி, நேரம் குறித்து எழுதிப் பாருங்கள். வசதியாக முடிக்க முடிந்தால் அடுத்த பாடத்துக்குப் போங்கள். தொடர்கள் பற்றிய கேள்விகளிலோ தொகையிடலிலோ தட்டுத்தடுமாறினால், சலுகை கையில் இருந்தாலும் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பாடங்கள் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.